அலகோடு சேர்த்தே எழுதுங்கள்

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 25,000 கன அடி என்று காலைச் செய்தியில் கேட்டால் நாம் யாரும் தடுமாறுவதில்லை. வினாடிக்கு 25,000 கன அடி என்று மனமே நிரப்பிக்கொள்கிறது. காவிரித் தண்ணீரோடு பழகியவர்களுக்கு அது போதும். ஆனால் கணக்குப் போட உட்காரும் மாணவருக்குப் போதாது. கன அடி என்பது கன அளவு. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது பாய்வு வீதம். முதலாவது அணையில் தேங்கி நிற்கும் நீரைச் சொல்கிறது, இரண்டாவது ஆற்றில் வந்துகொண்டிருக்கும் நீரைச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒருவர் கூட்டவோ கழிக்கவோ முயன்றால், கணிப்பொறி ஒரு விடையைக் காட்டும். அந்த விடைக்குப் பொருள் எதுவும் இருக்காது.

இந்த அத்தியாயத்தில் உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பழக்கம். கணக்கின் முதல் வரியிலிருந்தே ஒவ்வொரு எண்ணோடும் அதன் அலகை எழுதுங்கள். எண்களைப் பெருக்கும்போது அலகுகளையும் பெருக்குங்கள், வகுக்கும்போது வகுங்கள், அடிபடுவதை அடியுங்கள். பெரும்பாலான மாணவர்கள் எண்களை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட்டு, கடைசி வரியில் நினைவிலிருந்து ஓர் அலகை ஒட்டுகிறார்கள். விடைத்தாளில் பாதி மதிப்பெண் போவது அங்கேதான்.

மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் 120 அடி இருக்கும்போது அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. இப்போது அணையில் 60 டி.எம்.சி. இருக்கிறது என்றும், வரத்து வினாடிக்கு 25,000 கன அடி, வெளியேற்றம் வினாடிக்கு 10,000 கன அடி என்றும் வைத்துக்கொள்வோம். அணை நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

நிகர வரத்து = 15,000 கன அடி/வினாடி
ஒரு நாள் = 86,400 வினாடி
ஒரு நாளில் சேர்வது = 15,000 கன அடி/வினாடி × 86,400 வினாடி/நாள் = 129.6 கோடி கன அடி/நாள் = 1.296 டி.எம்.சி./நாள்
தேவை = 93.47 − 60 = 33.47 டி.எம்.சி.
காலம் = 33.47 டி.எம்.சி. ÷ 1.296 டி.எம்.சி./நாள் = சுமார் 26 நாள்

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மேலே இருக்கும் வினாடியும் கீழே இருக்கும் வினாடியும் அடிபட்டு, நாளொன்றுக்கு இத்தனை கன அடி என்ற அலகு தானாகவே வந்து நிற்கிறது. கடைசி வரியில் டி.எம்.சி. அடிபட்டு, நாள் மேலே ஏறுகிறது. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருந்தால் அலகு நாள் என்று வந்திருக்காது, தவறு அந்த வரியிலேயே தெரிந்திருக்கும். எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. (வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் வந்தால் சேர்வது ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் அணைச் செய்திகளை மனக்கணக்காகவே சரிபார்க்கலாம்.)

அதே ஒரு டி.எம்.சி.யை லிட்டருக்கு மாற்றச் சொன்னால் பலரும் சறுக்குவார்கள். ஓர் அடி 0.3048 மீட்டர். ஆகவே ஒரு கன அடி 0.3048 கன மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அலகு மும்மடியாகும்போது மாற்று எண்ணும் மும்மடியாக வேண்டும். 0.3048 × 0.3048 × 0.3048 = 0.0283 கன மீட்டர், அதாவது 28.3 லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஆயிரம் சதுர மீட்டர் என்று எழுதுவதும் இதே பிழைதான். சரியான விடை பத்து லட்சம்.

அலகும் பரிமாணமும்

அடி, மீட்டர், கிலோமீட்டர், மைல் ஆகியவை வேறு வேறு அலகுகள். எல்லாம் அளப்பது நீளத்தை. எந்த அலகில் அளந்தாலும் மாறாத அந்த வகையைத்தான் பரிமாணம் என்கிறோம். வெப்பம் பற்றிய தம் நூலில் பூரியே 1822இல் இந்தக் கருத்தை வைத்தார். நாம் இன்று பயன்படுத்தும் சதுர அடைப்புக்குறி முறை மேக்ஸ்வெல் வழியாக வந்தது.

பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அலகுகள் ஏழு. இந்த முறைக்கு அப்பெயர் 1960இல் சூட்டப்பட்டது, ஏழாவதாக மோல் 1971இல் சேர்ந்தது. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்குப் பிளாட்டினம்-இரிடியம் உருளை அடிப்படையாக இல்லை. பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்து அதிலிருந்து கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. பழைய வழிகாட்டிகளில் உருளை என்றே இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

இயக்கவியலுக்கு இந்த ஏழில் மூன்று போதும்: நிறை, நீளம், காலம். பாடநூலில் இவற்றுக்கு ஓரெழுத்துக் குறியீடுகள் இருக்கும். இங்கே முழுச் சொல்லாகவே எழுதுகிறேன்.

பரிமாண வாய்ப்பாடுகளின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது வீண் உழைப்பு. தேர்வு அறையில் மறந்தால் மீட்க வழியிருக்காது. ஒவ்வொரு அளவையும் அதன் வரையறையிலிருந்து கட்டி எழுப்பப் பழகுங்கள். திசைவேகம் என்பது நீளத்தைக் காலத்தால் வகுப்பது: [நீளம் · காலம்⁻¹]. அதை மறுபடியும் காலத்தால் வகுத்தால் முடுக்கம்: [நீளம் · காலம்⁻²]. நிறையால் பெருக்கினால் விசை: [நிறை · நீளம் · காலம்⁻²]. விசையை நீளத்தால் பெருக்கினால் வேலை, ஆற்றல்: [நிறை · நீளம்² · காலம்⁻²]. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம்: [நிறை · நீளம்⁻¹ · காலம்⁻²]. ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறிப் போகலாம்.

இப்படிக் கட்டும்போது சில உறவுகள் தாமாகவே வெளிப்படும். பரப்பு இழுவிசை என்பது ஓரலகு நீளத்தில் செயல்படும் விசை. நீளம் அடிபட்டு [நிறை · காலம்⁻²] வருகிறது. ஓரலகுப் பரப்புக்கான ஆற்றலை எடுங்கள், அங்கேயும் [நிறை · காலம்⁻²]. நீர்மத்தின் மேற்பரப்பை இழுபட்ட படலமாகவும் பார்க்கலாம், பரப்பைப் பெருக்கச் செலவாகும் ஆற்றலாகவும் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. பட்டியலை உருப்போட்டவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

சமன்பாட்டைச் சோதித்தல்

விதி எளிது. ஒரு சமன்பாட்டில் கூட்டப்படும், கழிக்கப்படும் உறுப்புகள் எல்லாம் ஒரே பரிமாணம் கொண்டிருக்க வேண்டும், சமக்குறியின் இரு பக்கமும் அப்படியே. கடந்த தொலைவு என்பது தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்² என்று படித்திருக்கிறீர்கள். பதற்றத்தில் இரண்டாம் உறுப்பில் காலத்தின் இருமடியை விட்டுவிட்டால் அது [நீளம் · காலம்⁻¹] ஆகிவிடும். நீளத்தோடு திசைவேகத்தைக் கூட்ட முடியாது. பத்து வினாடி கூடத் தேவைப்படாத இந்தச் சோதனையை ஒவ்வொரு சூத்திரத்தை எழுதியதும் செய்துவிடுங்கள்.

இதே பாடத்தில் வரும் இன்னொரு சூத்திரம் நல்ல மாணவர்களையும் திகைக்க வைக்கும். ஐந்தாவது வினாடியில் மட்டும் கடந்த தொலைவு = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × (5 − ½). இடப்பக்கம் நீளம். வலப்பக்கம் முதல் உறுப்போ திசைவேகம். சூத்திரம் தவறா? தவறில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐந்து வினாடியில் கடந்த தொலைவிலிருந்து நான்கு வினாடியில் கடந்த தொலைவைக் கழிக்கிறோம்.

திசைவேகம் × (5 வினாடி − 4 வினாடி) + ½ × முடுக்கம் × (25 வினாடி² − 16 வினாடி²)
= திசைவேகம் × 1 வினாடி + முடுக்கம் × 4.5 வினாடி²

முதல் உறுப்பில் ஒரு வினாடி ஒளிந்திருக்கிறது. ஒன்றால் பெருக்குவதை எழுத வேண்டாம் என்று விட்டபோது அதனோடு வினாடியும் போய்விட்டது. இரண்டாம் உறுப்பில் 4.5க்குப் பின்னால் வினாடி² இருக்கிறது. இரண்டையும் திரும்ப எழுதினால் எல்லா உறுப்பும் நீளம்தான். அலகை மறைத்து எழுதிய சூத்திரம் எவ்வளவு பேரைக் குழப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பள்ளிப் பாடத்தில் இல்லை. பரிமாணச் சோதனையில் தோற்பதுபோல் தெரியும் சூத்திரத்தைக் கண்டால் உடனே ஒதுக்காதீர்கள். மறைந்திருக்கும் அலகைத் தேடுங்கள்.

ஒரே பரிமாணம், வேறு அலகு

பரிமாணச் சோதனைக்கு அகப்படாத பிழை ஒன்று உண்டு. அது ஒருமுறை விமானத்தையே வானில் எரிபொருள் இல்லாமல் நிறுத்தியது.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், புதிய போயிங் 767, மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் செல்ல வேண்டும். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம் எரிபொருள். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யாததால், தொட்டிகளில் அளவுகோல் கொண்டு அளந்தார்கள். இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை நிறைக்கு மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். பவுண்டுக் கணக்கு நடந்த காலத்தில் புழங்கிய எண் அது.

அன்று நடந்த கணக்கு இது: 7,682 × 1.77 = 13,597. இன்னும் தேவை 22,300 − 13,597 = 8,703. அதை 1.77ஆல் வகுத்தால் 4,917. ஆகவே 4,917 லிட்டர் நிரப்பினார்கள்.

இதையே அலகோடு எழுதுவோம்.

7,682 லிட்டர் × 1.77 பவுண்டு/லிட்டர் = 13,597 பவுண்டு
22,300 கிலோகிராம் − 13,597 பவுண்டு = ?

இரண்டாம் வரியில் பேனா நின்றுவிடும். கிலோகிராமிலிருந்து பவுண்டை அப்படியே கழிக்க முடியாது. சரியான எண் லிட்டருக்கு 0.803 கிலோகிராம். அதன்படி கையிருப்பு 6,169 கிலோகிராம்தான், நிரப்ப வேண்டியது ஏறத்தாழ 20,090 லிட்டர். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. நடுவானில் இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியிருந்த கேப்டன் பாப் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவிண்டாலும், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் அதை இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

கிலோகிராமும் பவுண்டும் நிறைதான், பரிமாணம் ஒன்றுதான். அதனால் பரிமாணச் சோதனை மட்டும் இந்தப் பிழையைப் பிடித்திருக்காது. அலகை எழுதியிருந்தால் பிடிபட்டிருக்கும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்ததும் இதே வகைப் பிழையால்தான். ஒரு மென்பொருள் கணத்தாக்கைப் பவுண்டு-விசை வினாடியில் கொடுத்தது, அதைப் பெற்ற மற்றொரு மென்பொருள் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு-விசை 4.45 நியூட்டன். விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகக் கோளை நெருங்கி அழிந்தது. ஆகவே இரண்டு சோதனைகளும் வேண்டும்: வகை பொருந்துகிறதா என்று பார்க்கப் பரிமாணம், அளவு பொருந்துகிறதா என்று பார்க்க அலகு.

சூத்திரத்தையே கண்டுபிடித்தல்

தனி ஊசலின் அலைவு நேரத்தை எல்லாப் பாடநூல்களும் பரிமாண முறையில் வருவிக்கின்றன. சுருக்கமாகப் பார்ப்போம். அலைவு நேரம் குண்டின் நிறை, நூலின் நீளம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றைச் சார்ந்திருக்கலாம். விடையில் காலம் மட்டும் வர வேண்டும். நிறையை உள்ளே விட்டால் அதை அடிக்க மற்ற இரண்டிலும் நிறை இல்லை. ஆகவே நிறை வெளியேறுகிறது. நீளத்தை முடுக்கத்தால் வகுத்தால் காலம்² வரும், வர்க்கமூலம் எடுத்தால் காலம். அலைவு நேரம் = மாறிலி × √(நீளம் ÷ முடுக்கம்).

மாறிலி என்ன என்று பரிமாணம் சொல்லாது. அதை ஆய்வகத்தில் கண்டுபிடியுங்கள். ஒரு மீட்டர் ஊசலுக்கு √(1 ÷ 9.8) = 0.319 வினாடி. சிறு கோணத்தில் ஆட்டிவிட்டு 20 அலைவுகளுக்கான நேரம் பார்த்தால் 40 வினாடி அளவுக்கு வரும், அதாவது ஓர் அலைவுக்கு 2 வினாடி. 2ஐ 0.319ஆல் வகுத்தால் 6.27. அது ஏறத்தாழ 2 × பை. சூத்திரத்தின் உருவத்தைத் தாளிலும் எண்ணைக் கடிகாரத்திலும் பெற்றுவிட்டீர்கள்.

இதே முறையால் ஜெஃப்ரி டெய்லர் என்ற ஆங்கில இயற்பியலாளர் அணுகுண்டின் ஆற்றலைக் கணித்தார். 1945 ஜூலை 16இல் நியூ மெக்சிகோவில் நடந்த டிரினிட்டி சோதனையின் ஒளிப்படங்கள் 1947இல் வெளியாயின. ஒவ்வொரு படத்திலும் வெடிப்புக்குப் பின் எத்தனை மில்லி வினாடி என்றும், நீள அளவுகோடும் இருந்தன. ஆற்றலோ ரகசியம். தீக்கோளத்தின் ஆரம் எதைச் சார்ந்திருக்கும்? வெளிப்பட்ட ஆற்றல், சுற்றியுள்ள காற்றின் அடர்த்தி, கழிந்த நேரம். ஆற்றலை அடர்த்தியால் வகுங்கள்.

[நிறை · நீளம்² · காலம்⁻²] ÷ [நிறை · நீளம்⁻³] = [நீளம்⁵ · காலம்⁻²]

இதைக் காலம்² ஆல் பெருக்கினால் நீளம்⁵. ஆகவே ஆரம்⁵ = மாறிலி × ஆற்றல் × நேரம்² ÷ அடர்த்தி. இங்கே மாறிலி ஏறத்தாழ 1 என்று டெய்லர் தனியே கணக்கிட்டிருந்தார். 0.025 வினாடியில் ஆரம் சுமார் 130 மீட்டர், காற்றின் அடர்த்தி 1.25 கி.கி./மீ³.

ஆற்றல் = 1.25 × 130⁵ ÷ 0.025² = 7.4 × 10¹³ ஜூல்

ஒரு கிலோடன் டி.என்.டி. 4.18 × 10¹² ஜூல். விடை சுமார் 18 கிலோடன். பிற்கால மதிப்பீடுகள் 20 முதல் 25 கிலோடன் வரை சொல்கின்றன. மூன்று அளவுகளும் ஒரு பெருக்கலும் இவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. டெய்லரின் கட்டுரைகள் 1950இல் வெளிவந்தன. டிரினிட்டி சோதனை நடந்து சரியாக மூன்று வாரத்தில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் அதையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முறையின் எல்லை

சார்ந்திருக்கும் அளவுகள் எவை என்று முதலில் நீங்கள்தான் சரியாக ஊகிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் முறை உங்களைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். இயக்கவியலில் மூன்று அளவுகளுக்கு மேல் சார்ந்திருந்தால் அடுக்குகள் முழுமையாகக் கிடைக்கா. சைன், மடக்கை போன்றவற்றின் உள்ளே இருப்பது பரிமாணமற்ற எண்ணாக மட்டுமே இருக்க முடியும், அவற்றை இந்த முறை வருவிக்காது. கோணத்துக்குப் பரிமாணம் இல்லை, அலகு உண்டு. ரேடியன் கேட்கும் இடத்தில் டிகிரியைப் போட்டால் பரிமாணச் சோதனை எச்சரிக்காது. திருப்பு விசைக்கும் வேலைக்கும் ஒரே பரிமாணம், ஆனால் இரண்டும் வேறு இயற்பியல் அளவுகள். திருப்பு விசையை நியூட்டன் மீட்டர் என்றே எழுதுங்கள், ஜூல் என்று எழுதக் கூடாது. மறைந்த அலகுகளைத் திரும்ப எழுதிய பின்னும் பரிமாணம் பொருந்தாத சமன்பாடு கட்டாயம் தவறு. பொருந்துவது சரியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் மூன்று கணக்குகள். கார் டயரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு-விசை, பாஸ்கலில் எவ்வளவு? (ஓர் அங்குலம் 0.0254 மீட்டர்.) மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, எத்தனை ஜூல்? ஒரு ஹெக்டேர் வயலில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? விடைகள்: சுமார் 2.2 லட்சம் பாஸ்கல், 36 லட்சம் ஜூல், 1 லட்சம் லிட்டர். விடை சரியாக வந்திருந்தாலும், இடையில் ஏதாவது ஒரு வரியில் அலகு இல்லாத எண் நின்றிருந்தால் அந்தக் கணக்கை இன்னொரு முறை போடுங்கள்.